திமிலைப் பிடித்த விரல்கள்

ஒரு படத்தின் கதைப் பிரதி கைக்கு வந்ததும் சிவப்புப் பென்சிலால் நான் முதலில் அடிக்கோடிடுவது "பிடிக்கிறான்", "மிதிக்கிறது", "முட்டித் தூக்குகிறது", "நனைகிறாள்" என்று வரும் இடங்களைத்தான். பூதம், புலி, இடிந்து விழும் கோபுரம் எல்லாம் பிறகு. வானத்தில் நூறு பறவைகள் பறக்க வேண்டுமா, கணினியில் செய்து பறக்கவிடலாம். அதில் ஒன்று இறங்கி நாயகியின் தோளில் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தால் அங்கேதான் எனக்கு வேலை ஆரம்பம். அந்த எடைக்குத் தோள்பட்டைத் துணி அமுங்க வேண்டும். நகம் பட்ட இடத்தில் நூல் இழுபட வேண்டும். அவள் கழுத்து தன்னையறியாமல் மறுபக்கம் சாய வேண்டும். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு சி.ஜி. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். கைக்குழந்தையையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிப் பழகியவர் அவர். ஒன்றை ஒன்று தொடும் இடத்தில் நாம் பொய் சொன்னால் அவர் கண் உடனே பிடித்துவிடும்.

விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வைக்கு வருவதற்கு முன் வடபழனியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் கயிறு அழித்துக்கொண்டிருந்தேன். சண்டைக் காட்சியில் அடி வாங்கும் ஃபைட்டரின் இடுப்பில் ரோப் கட்டிப் பின்னால் இழுப்பார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த ரோப்பை மறைக்க வேண்டும். சுத்தமாக அழித்த பிறகும் சில ஷாட்டுகள் உறுத்திக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் காரணம் புரியும்: உதை விழுந்தது நெஞ்சில், உடம்போ இடுப்பிலிருந்து கிளம்புகிறது. சட்டைக்குள் இருக்கும் பெல்ட் துணியை எந்தப் பக்கம் சுருக்குகிறதோ, அந்தச் சுருக்கம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். கயிறு போனாலும் கயிற்றின் இழுப்பு போகாது. நல்ல ஃபைட் மாஸ்டர்களுக்கு இது எங்களுக்கு முன்பே தெரியும். இரண்டு இடத்தில் கட்டச் சொல்லி, நெஞ்சருகே உள்ள ரோப்பை ஒரு கணம் முன்னதாக இழுக்க வைப்பார்கள். அழிக்க வேண்டிய கயிறு இரண்டாகும். ஆனால் அந்த ஷாட் நிற்கும். படப்பிடிப்புத் தளத்தில் நிஜமாக எதைச் செய்ய வேண்டும், கணினியில் எதைச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு என் முதல் பதில் அந்த நாற்காலியில் கிடைத்தது.

அதை முழுதாகச் செய்து பார்க்க வாய்த்தது ஒரு காளைக் காட்சியில். கண்மாய்க் கரையில் கட்டியிருந்த மயிலைக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. நாயகன் பாய்ந்து திமிலைத் தழுவி, மூன்று துள்ளல் வரை விடாமல் தொங்குகிறான். சினிமாவில் விலங்கைக் காட்ட விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். 2011 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. ஒரு ஷாட்டுக்காக மாட்டை மிரட்டி ஓடவிடுவது எனக்கும் ஒப்பாத காரியம். ஆக, காளை கணினியில்தான் பிறக்க வேண்டும். அதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. நாயகனின் கை எதைப் பிடிப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது.

"அவரு சும்மா காத்துல கட்டிப்புடிக்கட்டும் சார். மாட்டை நீங்க உள்ளே வெச்சிடுங்க. ஒரு நாள் ஷூட்டிங் மிச்சம்" என்றார் தயாரிப்பு நிர்வாகி. அவர் கணக்கு அவருக்கு. ஆனால் காற்றைத் தழுவுகிற மனிதனின் புஜம் வேறு மாதிரி இறுகும். எதிர்ப்பு இல்லாத இடத்தில் தசை தானே நடிக்க வேண்டும். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் விரல் நுனிகளுக்கு அந்த நடிப்பு வராது. இயக்குநரிடம் இதை விளக்கியபோது அவர் எழுந்து வந்து என் தோளை இறுகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை அந்தரத்தில் அதேபோல வைத்துப் பார்த்தார். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

கலைத்துறையில் மோல்டிங் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் பொறுப்பு போனது. இரும்புக் கம்பியில் கூடு. அதன் மேல் ஃபோம். தலை, கழுத்து, திமில், முதுகு வரைக்கும்தான் உடல், கால்கள் கிடையாது. கூட்டின் நடுவில் ஒரு குழாய் அச்சு வைத்துத் தாழ்வான டிராலியில் ஏற்றினார்கள். கிணற்று ஏற்றம்போல வால் பக்கம் இரண்டு ஃபைட்டர்கள் அமுக்கினால் தலைப் பக்கம் எகிறும். அதெல்லாம் முடிந்த பிறகு மேஸ்திரி கேட்ட கேள்வியை இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

"தம்பி, திமில் எவ்வளவு கெட்டியா இருக்கணும்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து ஊரில் காளை வளர்க்கும் ஒரு வீட்டுக்குப் போய், உரிமையாளர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தன் கையாலேயே அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். "மேலே தோல் தளதளன்னு நகருது, உள்ளே நல்லா இறுக்கமா இருக்கு. ரெண்டு ஃபோம் வேணும்" என்றார். உள்ளே அடர்த்தியான ஃபோம், அதன் மேல் மென்மையானது, அதற்கும் மேல் ஒட்டாமல் தளர்வாகப் போர்த்திய துணி. நாயகன் பாய்ந்து பிடித்தபோது விரல்கள் சரியான ஆழத்துக்குப் புதைந்தன. பிறகு வழுக்கின. மறுபடி இறுகின. கணினியில் காளையின் தோலைச் செய்தவர் அந்த விரல் பள்ளங்களை அப்படியே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். எலும்பு, தசை, கொழுப்பு, தோல், ரோமம் என்று அடுக்கடுக்காகக் கட்டி, விரல் பட்ட இடத்தில் தோல் நகர, உள்ளங்கைக்கு அடியில் ரோமம் படிந்துபோக, அவர் பட்ட பாட்டுக்கு முதல் வரைபடம் மேஸ்திரியின் கையில் இருந்த நினைவுதான்.

துணியின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கப்படி நீல மேட் துணி போர்த்தினால், கணினியில் ஒரே சொடுக்கில் நீலத்தை நீக்கலாம். ஆனால் உச்சி வெயிலில் அந்த நீலம் நாயகனின் முகத்திலும் உள்கையிலும் ஏறும். அதைத் தேய்த்து எடுத்தால் தோலின் சூடும் சேர்ந்து போய்விடும். மயிலைக் காளையை மார்போடு அணைத்தால் அதன் சாம்பல் கலந்த வெண்மைதான் அவன் தாடையில் பட வேண்டும். நான் கேட்டு வாங்கியது அழுக்கு வெள்ளைத் துணி. இதனால் ரோட்டோ செய்கிறவர்களுக்கு, அதாவது நாயகனின் கை, முடி, வேட்டி விளிம்பு எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் கோடு போட்டுப் பிரிப்பவர்களுக்கு, வேலை பல மடங்கானது. அவர்களை முன்பே கூப்பிட்டு ஏன் என்று சொன்னேன். ஏன் என்று தெரிந்து செய்த ரோட்டோவுக்கும் தெரியாமல் செய்த ரோட்டோவுக்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரியும்.

குளம்புப் புழுதிக்கு மண்ணுக்கடியில் ரப்பர் குழாய்கள் புதைத்து, ஏர் கம்ப்ரசரோடு இணைத்தோம். உதவியாளர் ஒருவர் தாளம் போட்டுக்கொண்டே வால்வுகளைத் திறப்பார். மண் குபீரென்று எழும். தாளம் ஒழுங்காக இருக்காது. இரண்டு சீக்கிரம் வரும், ஒன்று தாமதமாகும். அனிமேட்டர்கள் முதலில் முறையிட்டார்கள், இந்த இடைவெளியில் எந்த மாடும் ஓடாது என்று. ஆனால் மண் எழுந்த இடத்தில் குளம்பை வைத்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தபோது, காளை ஒரு காலில் இடறிச் சமாளித்துத் துள்ளியது. அந்த இடறலில் அதற்கு எடை வந்துவிட்டது. கணினி மண்ணுக்குப் பின்னால் போக வேண்டும். மண்ணைக் கணினிக்குப் பின்னால் வரச்சொன்னால் புழுதி புழுதியாக இருக்காது.

உலகம் முழுவதும் இந்த வேலையை நன்றாகச் செய்தவர்கள் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தைக் கணினி வரைகலையின் தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம். அதில் கணினியில் உருவானது சுமார் 6 நிமிடம்தான். மற்றவை ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்து தளத்தில் இயக்கிய உருவங்கள். மழைக் காட்சியில் ஹைட்ராலிக்கில் இயங்கிய முழு அளவு டி-ரெக்ஸின் ஃபோம் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போய், உடல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் துண்டு வைத்துத் துடைத்துத் துடைத்துப் படமாக்கினார்கள். அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஓடவைக்க முடியாது. அதனால் தலை காரின் கூரைக்குள் நுழையும் ஷாட்டில் இயந்திரம், முழு உடலும் காலெடுத்து வைத்து நடக்கும் ஷாட்டில் கணினி. தொடுவது ஒன்றுக்கு, நடப்பது மற்றொன்றுக்கு.

அந்தக் காட்சியில் என்னை இன்றும் ஈர்ப்பது டைனோசர் வருவதற்கு முன் வருகிற ஒரு டம்ளர் தண்ணீர். காலடி அதிர்வில் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக அலை எழும். தளத்துச் சிறப்பு விளைவுகளைக் கவனித்த மைக்கேல் லான்டியெரி, காரின் டேஷ்போர்டுக்கு அடியில் கிடார் தந்தி ஒன்றைக் கட்டி மீட்டித்தான் அந்த வட்டங்களை வரவழைத்தார். விலங்கு இன்னும் திரைக்கு வரவில்லை. அதன் எடை வந்துவிட்டது. அந்தப் படத்துக்கான விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் நான்கு பேருக்குப் போனது: கணினிப் பக்கம் டென்னிஸ் முரென், பொம்மையை நகர்த்தி நகர்த்தி அசைவு கற்ற ஃபில் டிப்பெட், ஸ்டான் வின்ஸ்டன், லான்டியெரி. கம்பியும் ஃபோமும் தந்தியும் பிடித்த கைகள் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' 2012-இல் வந்தது. படகுக் காட்சிகளைத் தைவானின் தைச்சுங் நகரில் ஒரு பழைய விமான நிலையத்தில் கட்டிய அலைத் தொட்டியில் எடுத்தார்கள். ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலி பெரும்பாலான ஷாட்டுகளில் கணினிப் புலி. ஆனால் சில ஷாட்டுகளில் நிஜப் புலி இருக்கிறது. இயக்குநர் ஆங் லீயின் குழு அப்படி வைத்ததில் ஒரு கண்டிப்பு இருந்தது: நிஜப் புலி பக்கத்து ஷாட்டில் நிற்கும்போது கணினிப் புலி சோம்பேறித்தனமாக இருக்க முடியாது. சோர்ந்துபோன புலியின் தலையைப் பையன் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும் காட்சிக்கு நீலத் துணியில் தைத்த ஒரு பொம்மைப் புலியைக் கொடுத்தார்கள். பையனாக நடித்த சூரஜ் சர்மாவின் தொடை அந்தப் பாரத்தைத் தாங்குவதைப் படத்தில் பார்க்கலாம். எங்கள் காளைக்குக் கூடு கேட்டு வாதாடிய நாட்களில் அந்த நீலப் புலியின் புகைப்படத்தை எடுத்துப்போய் மேசையில் வைத்திருக்கிறேன்.

தொடுவது என்றால் கை படுவது மட்டும் இல்லை, வெளிச்சமும் தொடும். ஒவ்வொரு ஷாட்டும் ஓகே ஆனதும் கேமரா முன்னால் ஓடி இரண்டு உருண்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் படப்பிடிப்பு பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். ஒன்று கண்ணாடிபோல மின்னும் க்ரோம் பால், இன்னொன்று சாம்பல் நிறத்தில் கிரே பால். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு கடுமையாக, எந்த நிறத்தில் விழுகிறது என்பதைச் சாம்பல் உருண்டை சொல்லும். சுற்றிலும் என்னென்ன இருக்கின்றன என்பதை மின்னும் உருண்டை பிரதிபலிக்கும். அதே இடத்தைப் பல எக்ஸ்போஷர்களில் படமெடுத்து ஒன்றாக்கினால் அந்த இடத்தின் முழு வெளிச்சமும் கணக்காகக் கையில் வந்துவிடும். அதையே விளக்காக்கிக் கணினி உருவத்தின் மேல் வீசலாம். பால் டெபெவெக் 1998-இல் இந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். இன்று நாங்கள் எல்லோரும் செய்வது அதன் வழிதான். வெயில் கடுமையென்று ஒளிப்பதிவாளர் நாயகனின் தலைக்கு மேல் ஸ்கிம்மர் துணி கட்டியிருந்தால், அந்தத் துணி இருக்கும்போதே இதை எடுத்தாக வேண்டும். "பேக்அப்" சத்தம் கேட்டதும் லைட்மேன்கள் முதலில் கழற்றுவது அந்தத் துணியைத்தான். அதனால் ஒளிப்பதிவாளரின் உதவியாளரோடும் லைட்மேன்களோடும் காலையிலேயே பேசிவைத்துக்கொள்வேன். அவர்கள் நிறுத்திப் பிடித்த ஒரு நிமிடம், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

தண்ணீரும் நெருப்பும் வேறு ரகம். சின்ன மாதிரி வீடு கட்டி வெள்ளத்தில் அடித்துப்போகச் செய்தால் வீடு சின்னதாகும், தண்ணீர்த் துளி சின்னதாகாது. துளியின் அளவைப் பார்த்தே கண் வீட்டின் அளவைக் கண்டுபிடித்துவிடும். அசைவின் வேகத்துக்காவது கணக்கு உண்டு: நாலில் ஒரு பங்கு அளவில் மாதிரி கட்டினால் நொடிக்கு 48 ஃபிரேம், பதினாறில் ஒரு பங்கென்றால் 96. அளவு எத்தனை மடங்கு குறைகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 24-ஐப் பெருக்க வேண்டும். துளிக்கு அந்தக் கணக்கும் உதவாது. ஆகவே மாதிரியை முடிந்தவரை பெரிதாகக் கட்டுவது, தூரத்து வெள்ளத்தைக் கணினிக்கு விடுவது, நடிகரின் முழங்காலில் மோதும் தண்ணீரை மட்டும் தொட்டியில் நிஜமாக அடிப்பது என்று பிரித்துக்கொள்கிறேன். நெருப்பில் என் முடிவு தெளிவு: நடிகருக்கு அருகே தீ வேண்டாம். தள்ளி, பாதுகாப்பு ஆட்கள் சூழ எரியும் தீயைத் தனியாகக் கறுப்புப் பின்னணியில் இரவில் எடுத்துக்கொள்கிறோம். நடிகரின் முகத்துக்கு, துடிக்கும் ஆரஞ்சு விளக்கு. தீ அவரைத் தொட வேண்டியதில்லை, அதன் வெளிச்சம் தொட்டால் போதும்.

1994-இல் 'காதலன்' படத்தின் முக்காலா பாட்டில் தொப்பியும் சட்டையும் ஷூவும் மட்டும் ஆடியதை என் தலைமுறை வாயைப் பிளந்து பார்த்தது. அந்தப் படத்தின் சிறப்பு விளைவுகளுக்காக எஸ்.டி.வெங்கிக்குத் தேசிய விருது கிடைத்தது. தொழிலுக்கு வந்த பிறகு அதைப் பார்க்கும்போது என் கண் காலருக்குள் போகிறது. கழுத்தை அழித்தால் அங்கே ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டையில் சட்டையின் உள்பக்கத் துணி தெரிந்தால்தான் சட்டைக்குள் ஆள் இல்லை என்று நம்புவோம். இல்லாத ஒன்றைக் காட்ட, இருக்கிற துணியை அவ்வளவு கவனமாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் நிஜமாகச் செய்வதே உயர்ந்தது என்று நான் கட்சி கட்டுவதாக நினைத்துவிடக் கூடாது. "எங்கள் படத்தில் கிராபிக்ஸே இல்லை, எல்லாம் நிஜம்" என்று விளம்பரம் செய்யும் பழக்கம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அது என்னைப் புண்படுத்துகிறது. 2015-இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தை எல்லாம் நிஜம் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நமீபியப் பாலைவனத்தில் நிஜ வண்டிகள் ஓடின, நிஜ மனிதர்கள் கம்பத்தில் ஆடினார்கள், உண்மைதான். அந்தப் படத்தில் சுமார் 2000 ஷாட்டுகளில் கணினி வேலையும் இருக்கிறது. நாயகி ஃபியூரியோசாவின் இல்லாத இடதுகை, அந்த வேடத்தில் நடித்த சார்லீஸ் தெரானின் கையை ஒவ்வொரு ஃபிரேமிலும் அழித்தவர்களின் உழைப்பு. அந்த வண்டிகள் அவ்வளவு நிஜமாக ஓடியதால்தான் கணினி வேலை மறைந்து நின்றது. கணினி வேலை அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு அந்தச் சாகசங்களைச் செய்ய முடிந்தது. சென்னையிலும் ஹைதராபாத்திலும் மும்பையிலும் வரிசை வரிசையாக உட்கார்ந்து, கண் எரிய எரிய, வெளிநாட்டுப் படங்களுக்கு ரோட்டோ போடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தாங்கள் வேலை செய்த படத்தையே "கிராபிக்ஸ் இல்லாத படம்" என்று அவர்கள் செய்தியில் படிக்க வேண்டியிருக்கிறது.

'லைஃப் ஆஃப் பை' புலியைச் செய்த ரிதம் அண்டு ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரை வாங்கியது. மேற்பார்வையாளர் பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையில் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியபோது இசையை ஒலிக்கவிட்டு மைக்கை அடைத்தார்கள். அரங்குக்கு வெளியே எங்கள் தொழில்காரர்கள் கூடி நின்று போராடிக்கொண்டிருந்தார்கள். இங்கே அலுவலகத்தில் அதைப் பார்த்தோம். அன்று பிற்பகல் எங்கள் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை.

இப்போது பச்சைத் துணிக்குப் பதிலாகப் பெரிய எல்.இ.டி. சுவரில் பின்னணியை ஓடவிட்டு அதன் முன்னால் நடிக்கவைக்கிறார்கள். நல்ல கருவி. நடிகரின் கண்ணிலும் கார்க் கண்ணாடியிலும் சரியான வெளிச்சம் தானாக விழுகிறது. ஆனால் சுவரிலிருந்து புழுதி வராது, காற்று வராது. பாதத்துக்கு அடியில் கலைத்துறை கொட்டிய மண் எந்த இடத்தில் முடிந்து சுவர் தொடங்குகிறதோ, அந்தக் கோட்டில்தான் எங்கள் நாள் முழுவதும் கழிகிறது.

நடந்துகொண்டிருக்கும் படத்தில் ஒரு யானை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த ஆறு வயதுக் குழந்தையைத் தும்பிக்கையால் இடுப்பைச் சுற்றித் தூக்கி முதுகில் வைக்க வேண்டும். யானை கணினியில். குழந்தை நிஜம். பிரதியில் "தூக்குகிறது" என்று ஒற்றைச் சொல். தும்பிக்கையில் எலும்பு கிடையாது, முழுக்கத் தசை. அது பிடிக்கும்போது ஒரு புள்ளியில் அழுத்தாது, சுற்றிலும் சமமாக இறுகும். கவுனுக்குள் பெல்ட் போட்டு மேலிருந்து ரோப்பில் தூக்கினால் துணி அக்குளில் சுருங்கும், இடுப்பில் சுருங்காது. தீயணைப்புக் குழாயில் காற்று அடைத்து மேலே ஃபோம் சுற்றலாம் என்கிறேன் நான். காற்றைவிடத் தண்ணீர் நிரப்பினால்தான் கனம் கீழ்ப்பக்கம் தங்கும் என்கிறார் மேஸ்திரி. அதே மேஸ்திரிதான், தலை இப்போது முழுக்க நரைத்துவிட்டது. குழந்தைக்கு வலிக்காமலும் பயப்படாமலும் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு. அந்தக் குழாயை முதலில் என் இடுப்பில் சுற்றிப் பார்ப்பது, பிறகு குழந்தையின் அம்மா சம்மதித்தால் தரையிலேயே ஒரு முறை விளையாட்டாகச் சுற்றிப் பழக்குவது, அதற்குப் பிறகுதான் ரோப் என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த வாரம் டெஸ்ட் ஷூட்.